நந்திதுர்க்கில் ஒரு படிவிளக்கு

நம் வீடுகளில் வாசற்படிக்குத் தனி மதிப்பு உண்டு. படியின் மேல் நின்று பொருள் கொடுப்பதும் வாங்குவதும் ஆகாது என்பர் பெரியோர். வெள்ளிக்கிழமைகளில் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இடுவர். கார்த்திகைத் திருநாளில் அகல்கள் வரிசையாக ஒளிவிடுவதும் அங்கேதான். உள்ளே வருபவர் யாராயினும் அவர் கால் வைக்கும் இடம் தெரிய வேண்டும் என்பதே இவ்வழக்கங்களின் உட்பொருள் போலும். இந்த எண்ணம் இப்போது மோட்டார் வண்டியின் படிக்கும் வந்திருக்கிறது. கோலார் தங்கவயலைச் சேர்ந்த நந்திதுர்க்கில் இளைஞர் சிலர் தம் பிக்கப் வண்டிகளின் கதவுப் படியில் ஒளிவிடும் தகடு ஒன்றைப் பொருத்திக்கொள்கின்றனர். கதவைத் திறந்தால் படி ஒளிரும், மூடினால் அணையும். பொருள் சிறியதுதான். ஆயினும் அவ்வூருக்கு ஒளி வந்த வரலாற்றை அறிந்தவர்க்கு அது சிறியதாகத் தோன்றாது. அவ்வூரையும் அவ்விளக்கையும் சேர்த்தே நம் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பெங்களூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் பங்காரப்பேட்டை ஒரு சந்திப்பு நிலையம். முற்காலத்தில் மைசூர் ஆணையராக இருந்த பௌரிங் துரையின் பெயரால் அதனைப் பௌரிங்பேட்டை என்றே வழங்கினர். கன்னடத்தில் ‘பங்கார’ என்றால் பொன். ஆகவே இன்றைய பெயரும் பொருத்தமானதே. அங்கிருந்து தங்கவயலுக்குள் செல்லும் கிளைப்பாதை 1894-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 10 மைல்தான். கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்னும் நிலையங்களைக் கடந்து மாரிகுப்பத்தில் அப்பாதை முடிந்துவிடுகிறது. சுரங்கத்துக்கு வேண்டிய எந்திரங்களையும் நிலக்கரியையும் ஆட்களையும் கொண்டு செல்வதற்காகப் போடப்பட்ட பாதை அது. இன்று அதே பாதை ஆட்களை வெளியே கொண்டு செல்கிறது. விடியுமுன்பே உணவுப் பாத்திரத்துடன் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவு இருட்டிய பின் திரும்புவோர் ஆயிரக்கணக்கினர். இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்குப் பயணச்சீட்டுக் கணக்கு பழகிய ஒன்று. ஓர் ஊரின் நிலையை அறிய அங்கே எத்தனை பேர் வந்திறங்குகிறார்கள் என்று பார்த்தால் மட்டும் போதாது. எத்தனை மணிக்குப் புறப்படுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். தங்கவயல் இருட்டிலேயே எழுந்து, இருட்டிலேயே வீடு திரும்பும் ஊர். அதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னர் வரும் செய்தி விளங்கும்.

நந்திதுர்க் என்பது சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்திலுள்ள நந்திமலைக் கோட்டையின் பெயர். மலை அங்கே இருக்க, அதன் பெயரைத் தாங்கிய சுரங்கம் இங்கே தங்கவயலின் வடபகுதியில் அமைந்தது. சிவன் கோயில்களில் வாயிலைக் காப்பவர் நந்தியே ஆதலின், மண்ணுக்குள் இறங்கும் ஒரு வாயிலுக்கு அவர் பெயர் வாய்த்ததும் நன்றே. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இவ்வயலில் கால் வைத்த பின் பல சுரங்கங்கள் தோன்றின. அவற்றுள் மைசூர், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க் ஆகிய மூன்றும் இறுதிவரை இயங்கின. 1956-இல் மைசூர் அரசாங்கமும், 1962-இல் மத்திய அரசாங்கமும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைக்கப்பட்டது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியோடு வேலை நின்றது. ஏறக்குறைய 120 ஆண்டுகளில் இவ்வயல் உலகுக்குக் கொடுத்த பொன் 800 டன் அளவினது என்பர்.

இன்று அங்குச் செல்பவர் காண்பது என்ன? குழியின் மேல் கூண்டை ஏற்றி இறக்கிய உயரமான இரும்புக் கோபுரங்கள் துருவேறி நிற்கின்றன. பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண் வெண்மையும் மஞ்சளும் கலந்த குன்றுகளாக எழுந்து நிற்கிறது. கோடைக் காற்றில் அத்தூள் பறந்து வீட்டுக்குள்ளும் படிகிறது. குன்றுகளின் அடியில் தொழிலாளர் குடியிருப்புகள் வரிசை வரிசையாக உள்ளன. அவற்றை ‘லைன்’ என்பது ஊர் வழக்கு. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, செங்கற்பட்டுப் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோர் முதலில் மூங்கில் தட்டி வைத்த குடிசைகளில் வாழ்ந்தனர். அவர்களுள் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட மக்கள். சொந்த ஊரில் சேரிக்கு வெளியே நடக்கவும் அஞ்சி வாழ்ந்தவர்கள் இங்கே கூலியைக் கையில் வாங்கினர். பள்ளியும் சங்கமும் வளர்த்தனர். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது.

அவ்விலையில் ஒரு பகுதி இருட்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் அழுத்தம் தாங்காமல் சுவர்கள் திடீரென வெடித்துச் சிதறும். ‘ராக் பர்ஸ்ட்’ என்னும் அச்சொல்லை அறியாத குழந்தை தங்கவயலில் இருந்ததில்லை. கீழே பாறை வெடித்தால் மேலே வீட்டுப் பாத்திரங்கள் அதிரும்; பெண்கள் வாசற்படிக்கு ஓடிவந்து சுரங்கத்துச் சங்கு ஊதுகிறதா என்று காது கொடுத்து நிற்பர். கீழே இருப்பவர்க்குத் துணை கையிலோ தலையிலோ இருந்த விளக்கு ஒன்றே. கார்பைடு விளக்கு என்பது உலோகச் சுரங்கங்களில் நெடுங்காலம் வழங்கியது. மேல் அறையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கார்பைடுக் கற்களின் மேல் விழும். அதனால் எழும் அசெட்டிலீன் வாயு சிறு குழாயின் வாயில் வெண்சுடராக எரியும். மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்தில் அவற்றின் முகப்பு விளக்கும் இதே வகையினதே. பின்னர் இடுப்பில் பாட்டரியும் தலைக்கவசத்தில் விளக்கும் வந்தன. தொழிலாளி விளக்கை வாங்கிக்கொண்டு இறங்குவான். ஏறிவந்ததும் திருப்பிக் கொடுப்பான். ஒளி அவனுடையது அன்று. வேலைக்குரிய நேரத்துக்குமட்டும் அது அவனிடம் இருந்தது.

மின்சாரத்தின் வரலாறும் அத்தகையதே. திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பட்ட சிவசமுத்திர நீர்மின் நிலையம் 1902-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி இயங்கத் தொடங்கியது. காவிரி அருவியின் விசை 92 மைல் தூரம் கம்பி வழியே தங்கவயலுக்கு வந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்வழிகளுள் அதுவும் ஒன்று. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு ஏற்றப்பட்டது அதற்கு மூன்றாண்டு கழித்து, 1905-இல்தான். தலைநகரத்தை முந்திக்கொண்டு மின்சாரம் பெற்ற ஊர் என்று தங்கவயலார் பெருமையுடன் கூறுவது இதனால். பெருமை உண்மையே, ஆனால் அம்மின்சாரம் முதலில் சென்றது பாறையை அரைக்கும் எந்திரங்களுக்கும் கூண்டை இழுக்கும் சக்கரங்களுக்கும் என்பதையும் மறத்தல் ஆகாது. தொழிலாளியின் குடிசை வாசலுக்காக அந்த 92 மைல் கம்பி இழுக்கப்படவில்லை.

நிற்க. இனி நான் கண்ட வண்டிக்கு வருவோம்.

நந்திதுர்க்கில் லைன் வீடு ஒன்றின் முன்னே பிக்கப் வண்டி ஒன்று நின்றது. அதன் உரிமையாளர் முப்பது வயதுக்குட்பட்ட இளைஞர். கடன் வாங்கி வண்டி எடுத்தவர். கோலார் தக்காளிச் சந்தைக்கும் பெங்களூருக்கும் சரக்கு ஏற்றிச் செல்வது தொழில். நள்ளிரவு கழிந்து இரண்டு மூன்று மணிக்குப் புறப்பட வேண்டும். அவர் தந்தை சுரங்கத்தில் உழைத்தவர். பாறைத் தூளை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த நெஞ்சு. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை அவரை விடியற்காலையில் வண்டியில் ஏற்றிப் பெங்களூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார் மகன். பிக்கப் வண்டியின் படி உயரமானது. இருட்டில் படி தெரியாமல் முதியவரின் கால் ஒருமுறை வழுக்கி, முழங்கால் எலும்பில் அடிபட்டது.

“நைனாவுக்கு இருட்டில படி தெரியல்லே அண்ணா. கைப்பேசி விளக்கைப் பிடிச்சா ஒரு கை போயிடுது, அவரைத் தாங்கறதுக்கு ரெண்டு கையும் வேணும்” என்றார் அந்த இளைஞர்.

தெருவில் இருந்த பெரியவர் ஒருவர் இதனை ஏற்கவில்லை. “கடன் வண்டிக்குக் கல்யாண வீட்டு விளக்கா?” என்று கேட்டு நகைத்தார். அவர் நகைத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. இத்தகடுகளைப் பெரும்பாலோர் அழகுக்காகவே வாங்குகின்றனர். நீலமும் சிவப்புமாக மின்னி, வண்டியின் பெயரை எழுத்து எழுத்தாகக் காட்டும் வகைகளும் உண்டு. கடைகளில் ‘சில் பிளேட்’ என்று கேட்டால் எடுத்து வைப்பார்கள். சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. செருப்பும் பூட்சும் உரசி வண்டியின் வண்ணம் போகாமல் காப்பதே அத்தகட்டின் பழைய வேலை. ஒளி பின்னர் சேர்ந்தது. நம் இளைஞர் வாங்கியது எழுத்தில்லாத, வெள்ளை ஒளி தரும் தகடு.

அதனைப் பொருத்திய எலக்ட்ரீஷியனும் நந்திதுர்க்கைச் சேர்ந்தவரே. அவர் செய்த முறையை அருகிலிருந்து பார்த்தேன். வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். அடுத்துக் கதவுப் படியைச் சோப்பு நீரால் கழுவி, உலர்த்தி, ஸ்பிரிட் தோய்ந்த துணியால் துடைத்தார். தக்காளிச் சாறும் செம்மண்ணும் கலந்த பிசுக்கு சிறிது இருந்தாலும் ஒட்டும் நாடா பிடிக்காது. பின்னர் நாடாவின் தாளை உரிக்காமலே தகட்டை வைத்து, கதவை நான்கைந்து முறை மூடிப் பார்த்தார். கதவின் ரப்பர் தகட்டின் மேல் ஏறினால் மழைநீர் உள்ளே வரும். இடம் பார்த்து வைக்க வேண்டும். ஒட்டிய பின் இடம் மாற்ற இயலாது.

கம்பி இழுப்பதே இவ்வேலையின் உயிர். இத்தகட்டுக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரு வாட் அளவு மின்சாரம்தான். பழைய வகை முகப்பு விளக்கு ஒன்றுக்கே 55 வாட் தேவை. ஆகவே பாட்டரி இதனால் களைத்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்ச வேண்டியது கம்பி உரசலுக்கு. கம்பி மிதியடியின் கீழே செல்ல வேண்டும். இருக்கை நகரும் தண்டவாளத்துக்குக் குறுக்கே செல்லலாகாது. தகரத்தில் உள்ள துளை வழியே செல்லுமானால் துளைக்கு ரப்பர் வளையம் இட வேண்டும். இல்லாவிடில் வண்டியின் அதிர்வில் தகரத்தின் விளிம்பு கம்பியின் மேலுறையை நாளடைவில் அறுத்துவிடும். செம்பு தகரத்தைத் தொட்டால் தீ. ஆதலின் மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே ஒரு ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வைத்தார் அந்த எலக்ட்ரீஷியன். “விளக்கு எரியறது பெரிசில்லை சார், எரியக் கூடாத நேரத்துல ஃபியூஸ் எரியணும்” என்றார். எண்ணிப் பார்க்கத்தக்க சொல். கடன் முடியாத வண்டி தீப்பற்றினால் ஒரு குடும்பத்தின் சோறு எரியும். ஃபியூஸின் விலையோ சில ரூபாய்.

கதவைத் திறந்தால் எரிவதும் மூடினால் அணைவதும் எவ்வாறு? வண்டியின் கூரை விளக்குக்கு ஏற்கெனவே கதவுச் சட்டத்தில் ஒரு பொத்தான் உண்டு. பல வண்டிகளில் அப்பொத்தான் பாசிட்டிவ் பக்கத்தை அன்றி நெகட்டிவ் பக்கத்தையே இணைக்கிறது. இதனை அறியாதவர் தகட்டின் கறுப்புக் கம்பியை வண்டியின் உடலோடு முறுக்கிவிடுவர். விளக்கு இரவெல்லாம் எரியும். சிவப்பைப் பாட்டரி வழியிலும் கறுப்பைப் பொத்தானின் வழியிலும் இணைத்தால் கதவோடு விளக்கு ஒத்துழைக்கும். இன்னொன்று: சிறு வண்டிகளில் இருப்பது 12 வோல்ட், பெரிய லாரிகளிலும், தங்கவயலில் 1964 முதல் பெயர் பெற்ற பெமல் நிறுவனம் செய்வன போன்ற பெரும் மண்வாரி எந்திரங்களிலும் 24 வோல்ட். 12 வோல்ட் தகட்டை அங்கே இணைத்தால் கண நேரத்தில் கருகிவிடும். எல்லாம் முடிந்த பின், தகட்டைச் சற்றுச் சூடாக்கி அழுத்தி ஒட்டி, ஒரு நாள் தண்ணீர் படாமல் வைக்கச் சொன்னார். தங்கவயலின் குளிர்ந்த காலையில் நாடா எளிதில் பிடிக்காது என்பது அவர் அனுபவம்.

அந்தச் சிறு விளக்கினுள்ளே ஒரு வியப்பு இருக்கிறது. அதில் எரியும் இழையும் இல்லை; சுடரும் இல்லை. எல்.இ.டி. என்னும் கடுகளவான படிகத் துண்டு மின்சாரத்தை நேரே ஒளியாக்குகிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியை அவ்வாறு 1962-இல் பெற்றுக் காட்டியவர் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த நிக் ஹொலோனியாக். சிவசமுத்திரத்துக்கு 1902-இல் மின்னாக்கி எந்திரங்களைச் செய்து அனுப்பியதும் அதே கம்பெனிதான். நீலம் மட்டும் பல்லாண்டு கைக்கு அகப்படவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை ஒளியும் இல்லை. ஜப்பானியரான அகசாகி, அமானோ, நாகமுரா ஆகியோர் அதனைச் சாதித்தனர். 2014-இல் அம்மூவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்னும் ஒரு செய்தி. படிகத் துண்டுக்கு மின்சாரத்தைக் கொண்டு செல்ல, தலைமயிரினும் மெல்லிய கம்பி வேண்டும். இவ்விளக்குகள் பலவற்றில் அக்கம்பி தூய பொன்னால் ஆனது. துருப்பிடிக்காமலும் அறுபடாமலும் அவ்வளவு மெல்லியதாக நீள்வதற்குப் பொன்னுக்கு நிகர் அரிது என்பதே காரணம்.

அந்த முதியவரிடம் இதனைச் சொன்னேன். அவர் தம் கையை விரித்துப் பார்த்தார். “இந்தக் கை எடுத்தது எத்தனையோ; வீட்டுக்கு ஒரு குந்துமணி வந்ததில்லை. இப்போ மயிரளவு வந்திருக்குதா?” என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அந்தப் பொன் தங்கவயலில் எடுத்ததுதானா என்று யாராலும் கூற இயலாது. பொன்னுக்கு ஊர்ப்பெயர் ஒட்டுவதில்லை. எடுத்தவன் பெயரும் ஒட்டுவதில்லை.

அலங்காரம் வேறு, தேவை வேறு என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். வறுமைப்பட்ட வீட்டில் அழகான பொருளைக் கண்டால் உடனே வீண்செலவு என்கிறோம். ஆனால் இவ்வூர் மக்களின் வாழ்க்கையை நோக்குவோம். அவர்கள் தாத்தாக்களின் விளக்கு கம்பெனியின் விளக்கு. அவர்கள் வசிக்கும் லைன் வீடும் கம்பெனி கட்டிய வீடு. சுரங்கம் மூடிய பிறகும் அவ்வீடுகளின் உரிமைக்காக விண்ணப்பமும் கோரிக்கையும் நெடுங்காலம் நடந்தன. தலைமுறைகள் மஞ்சள் பூசிய நிலைப்படி தமக்குச் சொந்தம்தானா என்று ஐயுற்று வாழ்ந்தவர்கள் அவர்கள். அத்தகையவரின் பேரன் தன் உழைப்பால் ஒரு வண்டி வாங்குகிறான். அதற்கும் ஒரு படி இருக்கிறது. அப்படிக்கு அவன் விளக்கு வைக்கிறான். தன் தந்தை காலூன்றும் இடத்தில் வைக்கிறான். இதனை வீண் என்று கூற என் நா எழவில்லை.

அன்றிரவு கதவைத் திறந்ததும் தகடு வெண்மையாக ஒளிர்ந்தது. மகன் இரு கைகளாலும் தந்தையைத் தாங்கினார். முதியவர் குனிந்து படியைப் பார்த்தார். காலை அதன் மேல் வைக்காமல் சற்றே தயங்கினார். விளக்கை மிதிக்கலாமா என்ற தயக்கம் அது. “மிதி நைனா, மிதிக்கத்தான் வெச்சிருக்கு” என்றார் மகன். முதியவர் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகே ஏறினார். முன்பு நகைத்த பெரியவரும் அங்கேதான் நின்றிருந்தார். அவர் ஒன்றும் கூறவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டார்.

ஊரை விட்டு வந்து பல நகரங்களில் வாழும் நம் குடும்பங்களில் தங்கவயலோடு உறவுடையோர் பலர். பொங்கலுக்கோ திருமணத்துக்கோ அங்குச் செல்லும்போது, துருவேறிய கோபுரங்களையும் மண் குன்றுகளையும் பார்த்து, ‘போயிற்றே பழைய சிறப்பு’ என்று பெருமூச்சு விட்டுத் திரும்புவது நம் வழக்கம். அடுத்த முறை செல்வோர் விடியுமுன் எழுந்து லைன் தெருக்களில் சற்று நடந்து பாருங்கள். இரயிலுக்கு ஓடுவோரும் சந்தைக்குப் புறப்படுவோரும் கதவுகளைத் திறந்து மூடும் நேரம் அது. அங்கே வேலை நின்றுவிடவில்லை. வேலைக்குச் செல்லும் வழிதான் மாறியிருக்கிறது. அவ்வழியில் நம் உறவினர் ஒருவர் தம் வண்டிக்கு விளக்கு வைத்திருக்கக் கண்டால், விலை என்ன என்று கேட்பதற்கு முன் ஃபியூஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். அது அக்கறையுள்ளவர் கேட்கும் கேள்வி.